எல்லோரையும் நிற்க வைத்த மார்கன்

நாற்சந்தியில் பச்சை விளக்கு அணைகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. அது எரிவது நாலைந்து விநாடிதான். ஆனால் அந்த நாலைந்து விநாடிக்குள் எத்தனை கூத்து நடக்கிறது! ஒரு டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். இன்னொருவர், சிவப்பு விழுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டுகிறார். குறுக்குத் தெருவில் நிற்பவருக்கோ பொறுமை இல்லை. தமக்குப் பச்சை வரும் முன்பே வண்டியை மெல்ல உருட்டத் தொடங்கிவிடுகிறார். இந்த இரண்டு அவசரக்காரர்களும் சந்திக்கிற இடம் நடுச்சந்தி. அப்புறம் ஆஸ்பத்திரி.

ஒரு பக்கத்தை நிற்கச் சொன்ன அதே கணத்தில் மறு பக்கத்தைப் போகச் சொல்லக்கூடாது; நடுவே கொஞ்ச நேரம் எல்லோருமே நிற்க வேண்டும். கேட்பதற்கு இது மிகச் சாதாரணமான விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்தச் சாதாரண விஷயத்தைக் கைகாட்டிக் கம்பத்தில் அமைத்து, அமெரிக்க சர்க்காரிடம் பேடண்டு வாங்கிய மனிதர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். கறுப்பராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக வாழ்நாள் முழுவதும் பல வாசல்களில் தடுத்து நிறுத்தப்பட்டவர். அவர் பெயர் காரெட் மார்கன்.

அடிமைகளின் மகன்

அமெரிக்காவில் கெண்டகி என்று ஒரு மாநிலம். அங்கே பாரிஸ் என்று ஒரு சிற்றூர். பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரத்துக்கும் இந்த ஊருக்கும் பெயர் ஒன்றுதான். மற்றபடி ஒற்றுமை எதுவும் கிடையாது. அந்த ஊரில் 1877-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி மார்கன் பிறந்தார். அவருடைய பெற்றோர் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள். 1865-ல்தான் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்ததால், மார்கன் சுதந்திர மனிதராகப் பிறந்தார்.

சுதந்திரம் இருந்தது, சோறு போதவில்லை. வீட்டில் பதினொரு குழந்தைகள். மார்கன் ஏழாவது பிள்ளை. வயல் வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்போடு அதுவும் நின்றது.

பதினாலாவது வயதில் பையன் ஊரை விட்டுக் கிளம்பினான். வேலை தேடி வடக்கே ஒஹையோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரத்துக்குப் போனான். அங்கே ஒரு பணக்காரரின் வீட்டில் எடுபிடி வேலை கிடைத்தது. கையில் கொஞ்சம் கூலி வந்ததும் அவன் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. தானே சம்பளம் கொடுத்து ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு படித்தான். வயிற்றுக்கே பற்றாத கூலியில் வாத்தியாருக்கும் பங்கு!

ஊசி கொடுத்த பணம்

1895-ல் மார்கன், ஈரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தார். கடைசி வரை அதுவே அவர் ஊராயிற்று. அங்கே ஒரு ஜவுளிக் கம்பெனியில் தையல் மெஷின்களை ரிப்பேர் செய்யும் வேலை. மெஷினைப் பிரிப்பதும் பூட்டுவதுமாகப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. எந்தப் பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது, எந்தக் கம்பி எங்கே தேய்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பின்னாளில் அவர் செய்த புதுமைகளுக்கெல்லாம் இந்தத் தையல் மெஷின்தான் பள்ளிக்கூடம்.

1907-ல் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்தார். மறு ஆண்டு மேரி என்ற பெண்ணை மணந்தார். மேரி ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெள்ளைக்காரப் பெண். தையல் தொழிலில் கைதேர்ந்தவர். 1909-ல் கணவனும் மனைவியும் சேர்ந்து பெண்களுக்கான ஆடை தைக்கும் நிலையம் தொடங்கினார்கள். அதில் 32 பேர் வேலை செய்தார்கள்.

அந்தக் காலத்தில் கம்பளித் துணியைத் தைக்கும்போது ஊசி சூடேறித் துணி கருகிவிடும். அதைத் தடுக்க மார்கன் ஒரு திரவத்தைக் காய்ச்சிப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த திரவத்தை ஒரு துணியில் துடைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால், துணியில் சுருண்டிருந்த பிசிறெல்லாம் நேராகியிருந்தது! அண்டை வீட்டு நாயின் ரோமத்தில் பூசிப் பார்த்தார். ரோமம் நீண்டது. பிறகு தம் தலையிலேயே பூசிக்கொண்டார். சுருட்டை முடியை நேராக்கும் இந்தக் களிம்பை விற்க அவர் தொடங்கிய கம்பெனி நல்ல லாபம் கொடுத்தது. மற்ற ஆராய்ச்சிகளுக்கு வேண்டிய பணம் இந்தக் களிம்பிலிருந்துதான் வந்தது.

புகைக்குள் போகும் முகமூடி

தீப்பிடித்த வீட்டுக்குள் நுழைகிற தீயணைப்புக்காரரைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். மார்கன் இதைப் பற்றி யோசித்தார். சூடான புகை மேலே போகும். தரையை ஒட்டி ஓரளவு நல்ல காற்று இருக்கும். நிற்கிற மனிதன் அந்தக் காற்றைச் சுவாசிப்பது எப்படி?

தலை முழுவதையும் மூடும் ஓர் உறையைச் செய்தார். அதிலிருந்து நீண்ட குழாய் தரை வரை தொங்கும். குழாயின் நுனியில் ஈரப் பஞ்சு. பஞ்சு, காற்றைக் குளிரவைக்கும். தூசியையும் புகையையும் வடிகட்டும். 1912-ல் விண்ணப்பம் போட்டு, 1914-ல் இதற்குப் பேடண்டு பெற்றார்.

சரக்கு நல்ல சரக்கு. ஆனால் விற்பவர் கறுப்பர் என்றால் தென் மாநிலங்களில் வாங்க ஆள் இல்லை. அதனால் மார்கன் ஒரு தந்திரம் செய்தார். வெள்ளைக்காரர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவரே கண்டுபிடித்தவர் என்று மேடையில் நிற்க வைத்தார். தாம் செவ்விந்தியர் போல வேஷம் போட்டுக்கொண்டு, புகை நிரப்பிய கூடாரத்துக்குள் முகமூடியோடு நுழைவார். வெளியே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இருபது நிமிஷம் கழித்து, இருமல்கூட இல்லாமல் வெளியே வருவார். முகமூடி விற்றது. அதைச் செய்தவரின் முகம் மட்டும் மறைந்திருந்தது.

ஏரிக்கு அடியில்

1916-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி இரவு. கிளீவ்லாந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர ஈரி ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி வேலை நடந்தது. திடீரென்று பூமிக்குள் இருந்த வாயு வெடித்தது. உள்ளே இருந்த தொழிலாளிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்க ஒரு கூட்டம் இறங்கியது, திரும்பவில்லை. அடுத்த கூட்டம் இறங்கியது. அதிலும் பலர் விஷவாயுவில் சுருண்டு விழுந்தார்கள்.

நடு இரவில் மார்கனுக்கு ஆள் வந்தது. சகோதரர் பிராங்கையும் அழைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட முகமூடிகளை அள்ளிக்கொண்டு அவர் ஓடினார். படுக்கையில் போட்டிருந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை என்று சொல்வார்கள். இரண்டு முறை உள்ளே போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். மார்கனும் சகோதரரும் முன்னால் இறங்கினார்கள். துணிந்து முன்வந்த இருவர் பின்னால் வந்தார்கள். உயிரோடு இருந்த இருவரை வெளியே கொண்டுவந்தார்கள். பிணங்களையும் சுமந்து வந்தார்கள். அந்த விபத்தில் மாண்டவர்கள் இருபது பேர் வரை.

மறுநாள் என்ன நடந்திருக்க வேண்டும்? ஊரே அவரைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. வீரச் செயலுக்கான கார்னெகி பதக்கம் மற்றவர்களுக்குக் கிடைத்தது, மார்கனுக்குக் கிடைக்கவில்லை. அவர் மேயருக்கு மனம் நொந்து கடிதம் எழுதியும் பயன் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு பதக்கம் அளித்தது ஒன்றே ஆறுதல். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பத்திரிகைகளில் அவர் படம் வந்ததும், முகமூடியைச் செய்தவர் கறுப்பர் என்பது தெற்கே தெரிந்துவிட்டது. வந்திருந்த ஆர்டர்கள் சில ரத்தாயின!

தெருவில் குழப்பம்

மார்கன் சோர்ந்துவிடவில்லை. 1920-ல் கறுப்பின மக்களுக்காகக் கிளீவ்லாந்தில் ஒரு பத்திரிகை தொடங்கினார். வியாபாரம் வளர்ந்தது. மோட்டார் வாங்கினார். அந்த நகரத்தில் மோட்டார் வைத்திருந்த முதல் கறுப்பர் அவரே என்று சொல்கிறார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்த பிறகுதான் தெருவின் அலங்கோலம் அவர் கண்ணில் பட்டது.

அன்றைய கிளீவ்லாந்து தெருவை நினைத்துப் பாருங்கள். குதிரை வண்டி, சைக்கிள், டிராம் வண்டி, நடந்து போகிறவர்கள், இத்தனைக்கும் நடுவே புதிதாக வந்த மோட்டார். அவரவர்க்கு அவரவர் வேகம். ஒருநாள் நாற்சந்தியில் ஒரு மோட்டாரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டதை மார்கன் நேரில் பார்த்தார் என்றும், அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை என்றும் அவர் வரலாறு கூறும்.

அப்போது சாலை விளக்கே இல்லை என்று எண்ண வேண்டாம். லண்டனில் 1868-லேயே, பார்லிமெண்டுக்கு அருகில், காஸ் விளக்கு பொருத்திய கைகாட்டி ஒன்றை நட்டார்கள். ஜே. பி. நைட் என்ற ரயில்வே எஞ்சினியரின் யோசனை அது. ஒரு மாதத்துக்குள் காஸ் வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார். கிளீவ்லாந்திலேயே 1914 ஆகஸ்டு 5-ந் தேதி, யூக்ளிட் அவென்யூ சந்திப்பில், சிவப்பும் பச்சையுமாக மின்சார விளக்கு வந்துவிட்டது. 1920-ல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ், இரண்டுக்கும் நடுவே மஞ்சளையும் சேர்த்தார்.

ஆகவே, சாலை விளக்கையே மார்கன்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியாகாது. அப்படிப் பொய்ப் பெருமை சூட்டத் தேவையும் இல்லை. அவருடைய உண்மையான பெருமையே போதும்.

மூன்றாவது கட்டளை

அந்த நாளில் பல நாற்சந்திகளில் இருந்த கைகாட்டிகளுக்கு இரண்டே கட்டளைகள்தான் தெரியும்: நில், போ. போலீஸ்காரர் திருப்பிய மாத்திரத்தில், போய்க்கொண்டிருந்தவர் நிற்க வேண்டும். நின்றவர் போக வேண்டும். ஓடுகிற வண்டி, கட்டளை மாறிய கணத்தில் கல் போல் நின்றுவிடுமா? அது நிற்பதற்குள் குறுக்கே வருகிறவர் கிளம்பிவிடுவார். மோதல்தான்.

மார்கன் செய்த கம்பம், ஆங்கில டி எழுத்தைப் போன்றது. போலீஸ்காரர் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் அதன் கைகள் திரும்பும், உயரும், தாழும். நில், போ என்ற இரண்டோடு மூன்றாவது கட்டளை ஒன்றையும் அதில் வைத்தார். கைகள் உயர்ந்தால் நாலு பக்கமும் நிற்க வேண்டும். சந்திக்குள் இருக்கும் வண்டிகள் வெளியேறும். நடந்து போகிறவர்கள் தெருவைக் கடப்பார்கள். அதன் பிறகே அடுத்த பக்கத்துக்கு வழி. இரவில் நடமாட்டம் குறைந்து, போலீஸ்காரர் இல்லாத நேரத்தில் கைகளைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டுப் போகலாம். அப்படியானால், எச்சரிக்கையாகப் பார்த்துப் போங்கள் என்று பொருள்.

1922-ல் விண்ணப்பம் போட்டார். 1923 நவம்பர் 20-ந் தேதி பேடண்டு கிடைத்தது. பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 40,000 டாலருக்கு அந்த உரிமையை வாங்கியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

காலப்போக்கில் கைப்பிடிக் கம்பங்கள் போய்விட்டன. மின்சார விளக்குகளே எங்கும் நின்றன. ஆனால் எல்லோரும் சற்று நில்லுங்கள் என்ற கட்டளை போகவில்லை. இன்றைக்கும் பல நகரங்களில், ஒரு பக்கம் சிவப்பு விழுந்த பிறகு, மறு பக்கம் பச்சை விழுவதற்கு முன், ஒன்றிரண்டு விநாடி எல்லாப் பக்கமும் சிவப்பு எரியும்படி வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

அந்த இடைவெளி எதற்காக என்பது புரிந்தவருக்கு, விளக்கைக் கண்டால் என்ன செய்வது என்பதும் புரிந்துவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. விளக்கைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடியாவது ஆகும். பிரேக் பிடித்த பிறகும், காய்ந்த நல்ல சாலையில்கூட, இன்னும் 20 மீட்டருக்கு மேல் ஓடித்தான் வண்டி நிற்கும். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நாலு மடங்காகும். இந்தக் கணக்கை எந்த டிரைவரும் ஏமாற்ற முடியாது.

மஞ்சள் விளக்கு இந்தக் கணக்குக்காகவே எரிகிறது. 1968-ல் வியன்னாவில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது. மஞ்சளைக் கண்டால் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். பத்திரமாக நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டும் தாண்டிப் போகலாம். அவரும் சீராகப் போய்ச் சந்தியைக் காலி செய்ய வேண்டுமே தவிர, தொலைவில் வரும்போதே மஞ்சளைப் பார்த்து ஆக்சிலரேட்டரை அழுத்துவதற்கு அதில் அனுமதி இல்லை.

சிவப்பு என்றால் கோட்டுக்கு முன்னால் நிற்பது. கோட்டின் மேல் நின்றால், நடந்து கடக்கிற கிழவியும் குழந்தையும் நம் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போக வேண்டியதாகும். குறுக்குத் தெருவின் விளக்கை எட்டிப் பார்த்து, அங்கே மஞ்சள் விழுந்ததுமே கிளம்புவதும் தவறு. நமக்காக ஒதுக்காத அந்த விநாடிகள், சந்திக்குள் இருப்பவருக்குச் சொந்தம்.

பச்சை விழுந்தால்? உடனே பாய வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வழி இருந்தால் போகலாம் என்று அர்த்தம். இடமும் வலமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். இன்னும் கடந்துகொண்டிருப்பவரைக் கடக்கவிட வேண்டும். எதிரே வண்டிகள் நெருக்கியடித்து நின்றால், பச்சையே எரிந்தாலும் சந்திக்குள் நுழையக்கூடாது. நுழைந்தால் நடுவில் மாட்டிக்கொண்டு நாலு பக்கத்தையும் அடைத்துவிடுவோம்.

இரவில் மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால், வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் போக வேண்டும். மார்கனின் கம்பத்தில் பாதி உயரத்தில் நின்ற கைகள் சொன்னதும் இதையேதான்.

கண் மங்கியது

1931-ல் மார்கன் கிளீவ்லாந்து நகரசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார், ஜெயிக்கவில்லை. 1943-ல் அவருக்குக் கிளாக்கோமா என்ற கண் நோய் கண்டது. பார்வை பெரும்பாலும் போய்விட்டது. தெருவில் இருப்பவர்களின் உயிருக்காகக் கைகாட்டி அமைத்தவர், தெருவில் எரியும் விளக்கைத் தாமே பார்க்க முடியாதவரானார். அப்போதும் அவர் புதுப் பொருள்களைச் செய்து பார்ப்பதை நிறுத்தவில்லை.

1963-ல், 86-வது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு சிகாகோ நகரத்தில் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டு விழா நடந்தது. அடிமைகளின் மகனான அவருக்கு அங்கே தேச மரியாதை கிடைத்தது. சுரங்கத்தில் அவர் உயிரைப் பணயம் வைத்த 75-வது ஆண்டில், 1991-ல், கிளீவ்லாந்து நகரம் தன் குடிநீர் நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவருக்குப் பதக்கம் வாங்கித் தராத ஊர், கடைசியில் அவர் பெயரைச் சொல்லித் தண்ணீர் குடிக்கிறது.

முகமூடி சில நிமிஷ மூச்சைக் கொடுத்தது. கைகாட்டி சில விநாடி நிதானத்தைக் கொடுத்தது. ஆபத்துக்கும் மனிதனுக்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பதே மார்கன் வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் செய்து காட்டியது. கம்பமோ விளக்கோ அந்த அவகாசத்தைக் கொடுக்கத்தான் முடியும். அதைப் பறித்துக்கொள்ளாமல் இருப்பது ஸ்டீரிங்கைப் பிடித்தவரின் பொறுப்பு. மஞ்சள் எரியும்போது காலை எடுத்துப் பிரேக்கில் வையுங்கள். சிவப்பில் நிற்கிற ஒரு நிமிஷத்தால் எந்தக் காரியமும் கெட்டுப்போகாது. வீட்டில் காத்திருப்பவர்கள் நம்மை எதிர்பார்ப்பது கொஞ்சம் தாமதமாக என்றாலும் முழுசாகத்தான்.